தேவையில்லாத சொற்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். இதில் உங்களுக்குத் தேவையில்லாதது என்னென்ன இருக்கிறது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது, எல்லாமே தேவை என்பார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட பிறகு அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. 'அட, புதுசு மாதிரி ஓடுதே' என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், மேடம். அதையேதான் வீட்டிலும் செய்தேன்.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

அக்கா கணக்கு டீச்சர். அவள் குரல் மாடிப்படி ஏறி வருவதற்குள் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். என்னை வளர்த்து ஆளாக்கியது அவள்தான், அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. எனக்கு அவள் வைத்த பெயர் அரைகுறை. படிப்பைப் பாதியில் விட்டேன், கல்யாணத்தைப் பேச்சோடு விட்டேன், கடை வைத்து அதையும் பாதியில் மூடினேன். 'டேய் அரைகுறை, சாப்பிட்டியா' என்றுதான் போனிலே ஆரம்பிப்பாள். பாசமாகத்தான் சொல்வாள். பாசமாகச் சொன்னாலும் அரைகுறை அரைகுறைதானே.

அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாதி போட்ட கணக்கு, கையில் சாக்பீஸ். அதன் பிறகு அவள் உடம்பில் அவள் சொன்னதைக் கேட்டது வலது கட்டைவிரல் ஒன்றுதான். வாய் போச்சு, கைகால் போச்சு, முகத்தில்கூட எதுவும் தெரியாது. புத்தி மட்டும் ஒரு துளி குறையவில்லை. அத்தான் அதற்கு முன்பே தவறிவிட்டார். அக்காவின் மகள் பாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வா என்று யாரும் கூப்பிடவில்லை. போ என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சிடி கொடுத்தார்கள், இந்த மாதிரி ஆட்கள் பேசுவதற்கான புரோகிராம். திரை முழுக்கக் கட்டங்கள் இருக்கும், கட்டத்துக்கு ஒரு சொல். மஞ்சள் வெளிச்சம் ஒன்று கட்டம் கட்டமாகத் தானே நகர்ந்துகொண்டிருக்கும். வேண்டிய சொல் மேல் வெளிச்சம் வரும்போது பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அந்தச் சொல்லைச் சொல்லும். அழுத்தத் தவறினால் வெளிச்சம் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பழைய மவுஸைப் பிரித்து அதன் பொத்தானை மட்டும் எடுத்து அக்காவின் கட்டைவிரலுக்குக் கீழே பட்டையால் கட்டியது நான்தான். டாக்டரே வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். என் தோளில் யாரும் தட்டியதில்லை, அதனால் அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதில் தமிழில் பேசக் குரல் கிடையாது. நாமே பேசிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எதிரொலி வராமல் இருக்கப் பாப்பா போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தண்ணி. தலையணை. ஃபேன். வலி. வேணும். வேண்டாம். வெளியே. பாப்பா. கடைசியில் விளையாட்டாக 'அரைகுறை மாமா' என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, மூச்சுமுட்டச் சிரித்தாள். சிரிப்போடேயே அதற்கும் ஒரு கட்டம் கொடுத்தோம். அன்றிலிருந்து அக்கா பேசியதெல்லாம் மகளின் குரலில்தான்.

இதெல்லாம் ஓடியது ஒரு நெட்புக்கில். மலிவாக, குட்டியாக ஒன்று அந்தக் காலத்தில் வந்ததே, அது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பட்டனை அழுத்திவிட்டுப் பாலைக் காய்ச்சி, காபி போட்டு, குடித்து முடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் திறந்திருக்கும். பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது, கம்பியைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். உள்ளே தேதியை ஞாபகம் வைத்திருக்கும் சின்ன பேட்டரியும் தீர்ந்துவிட்டது. அதனால் தினமும் காலையில் எழுந்ததும் அது தான் செய்யப்பட்ட வருஷத்துக்கே போய்விடும். இன்றைக்கு என்ன தேதி என்று நான்தான் தினமும் சொல்லிக் கொடுப்பேன்.

பிறகு ஒரு காலையில் அந்தச் செய்தி வந்தது. இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனி உங்களைப் பாதுகாக்க எங்களிடமிருந்து எதுவும் வராது என்று. கீழே ஒரு சின்னக் கட்டம், 'மீண்டும் காட்டாதே'. அதில் டிக் போட்டேன். புது சிஸ்டத்துக்கு மாற்றிப் பார்க்காமல் இல்லை, மேடம். அந்தக் குட்டி மிஷின் புதுசைத் தாங்கவில்லை, புதுசில் அந்தப் புரோகிராம் திறக்கவில்லை. புரோகிராம் செய்த கம்பெனியை அதற்குள் இழுத்து மூடிவிட்டார்கள். அதுவும் கைவிடப்பட்டது, அவளும் படுக்கையில், நானும் மூடிய கடைக்காரன். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்தேன். ஆதரவில்லாத சிஸ்டத்தை நெட்டில் விட்டால் வைரஸ் வராமல் என்ன செய்யும், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் அக்கா அந்தப் புரோகிராமிலேயே இருந்த எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பாப்பாவுக்கு மெயில் போடுவாள். பாப்பா அப்போது வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். துண்டித்த பிறகு மெயில் நின்றது. போனில் நான் பேசிக்கொள்கிறேன், பாப்பாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன்.

அடுத்து கட்டங்களைக் குறைத்தேன். இதில் தப்பு எதுவும் இல்லை. கட்டம் அதிகமானால் வெளிச்சம் சுற்றிவர நேரமாகும், இருக்கிற கொஞ்சம் மெமரியும் திணறும். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல். ஸ்கூல், சாக்பீஸ், சம்பளம், குடை, செருப்பு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? எடுத்ததும் வெளிச்சம் சடசடவென்று ஓடியது. அக்காவே எழுத்துப் பலகையில் 'நல்ல வேலை' என்று எழுதினாள். புள்ளி வைக்க அவளுக்குப் பொறுமை கிடையாது, 'நலல வேலை' என்றுதான் இருந்தது. என் வாழ்க்கையில் அவளிடம் நான் வாங்கிய முதல் நல்ல மார்க் அது.

அதற்குப் பிறகு 'அரைகுறை மாமா'வை எடுத்தேன். பாப்பா சிரித்த சிரிப்பு நீளமாக இருந்ததால் அந்த ஃபைல்தான் எல்லாவற்றிலும் பெரிசு. அளவைப் பார்த்துத்தான் எடுத்தேன். அக்கா அன்றைக்கெல்லாம் அந்தக் கட்டம் இருந்த இடத்துக்கு வெளிச்சம் வரும்போது அழுத்திக்கொண்டே இருந்தாள். வெறும் கட்டத்தில் என்ன சத்தம் வரும்?

இந்த இடத்தை நிதானமாக எழுத வேண்டும், நீங்கள் கேட்டது இதைத்தான்.

பாப்பாவுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. போனில் ஒருநாள், "மாமா, அம்மாவை என்கிட்ட அனுப்பிடுங்க. கீழ் வீடா பார்த்துட்டோம், படியே இல்ல. நீங்களும் எவ்வளவு நாள்தான் ஒத்தையா பார்ப்பீங்க" என்றாள். நான் பார்க்கலாம் என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுநாள் காலையில் அக்கா எழுத ஆரம்பித்தாள். நான் பாத்திரம் கழுவினேன், துணி காயப்போட்டேன், மதியச் சாப்பாட்டை அவளுக்காக மிக்ஸியில் அரைத்தேன். வந்து பார்த்தால் திரையில் 'பாபபாகிடட அனுபபு' என்று இருந்தது.

"அவளே கைக்குழந்தையோட அல்லாடுறா. நீ போய் அவளுக்குப் பாரமா இருக்கணுமாக்கா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

சாயந்தரம்வரை பொறுக்கிப் பொறுக்கி இன்னொரு வரி எழுதினாள். 'உனககு ஓயவு வேணும'.

ஓய்வு. ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பும்போது எல்லா ஆபீசிலும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது, முதுகில் பவுடர் போடுவது, ஊட்டுவது, வாய் துடைப்பது என்று ஒன்று விடாமல் செய்தவன் நான். என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாத காரியம் அது ஒன்றுதான். அதையும் பாதியில் விடச் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, மேடம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் இல்லாத அந்த வீட்டில் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் எழுத்துப் பலகை ஹேங் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டு அதை எடுத்தேன். பழைய மிஷின், தமிழ் எழுத்து இத்தனையையும் எத்தனை நாள் சுமக்கும்? அதற்கடுத்த வாரங்களில் 'பாப்பா', 'வெளியே', 'போகணும்', 'வேணும்'. ஒன்றை எடுத்தால் அதோடு சேர்ந்தது தனியாக நின்று இளிக்கும், பிறகு அதையும் எடுக்க வேண்டிவரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். கடைசியில் ஒரு வரிசை மிஞ்சியது.

அந்த வரிசையில் 'வலி' இருந்தது. அதை வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், நம்புங்கள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அக்கா அதை அழுத்தத் தொடங்கினாள். வலி. எங்கேக்கா என்று கேட்டேன். வலி. முதலில் உடம்பின் பாகங்களுக்குத் தனிப் பக்கமே இருந்தது, தலை, கை, கால், வயிறு. மிஷின் பளுவைக் குறைக்க அதைத்தான் முன்பே எடுத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் 'பல்' இருந்ததில்லை. பதிவு செய்தது பன்னிரண்டு வயசுப் பிள்ளை, அதற்கு எப்படித் தோன்றும்? பல் என்பது இரண்டே எழுத்து. எழுத்துப் பலகை இருந்திருந்தால் வெளிச்சம் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எழுதியிருப்பாள். அதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

தலையாக்கா, வயிறாக்கா என்று கேட்டேன். மாத்திரை கொடுத்தேன். நின்ற மாதிரி இருந்து மறுபடி ஆரம்பித்தாள். காபி குடிக்கும்போது வலி. துணி மடிக்கும்போது வலி. அதுவும் ஒரு சின்னப் பெண்ணின் குரலில். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவனுக்கும் ஒரு வலி உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. டாக்டரைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார். அங்கே புது மிஷின்கள் இருக்கின்றன, கண்ணசைவிலேயே எழுதுகிற மிஷின்கூட இருக்கிறதாம். அதில் அக்கா முதலில் எதை எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். பாப்பா வந்து அழைத்துக்கொண்டு போயிருப்பாள்.

ஆகவே 'வலி'யை எடுத்தேன். வீடு அமைதியானது. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை, டீச்சர் அல்லவா. இருக்கிற சொல்லை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். 'தண்ணி' என்று அழுத்துவாள், கொடுத்தால் விழுங்க மாட்டாள், மறுபடி 'தண்ணி'. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தர் முன்பெல்லாம் வருவார். அவர் அந்தச் சமயத்தில் வந்தார், கையில் புது டேப்லெட்டோடு.

"சார், இதைக் கொஞ்ச நாள் வச்சுப் பார்க்கலாமே. இலவசமாவே தர்றாங்க. அந்தக் குட்டி மிஷின் என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

"அவளையே கேளுங்க" என்றேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

"டீச்சரம்மா, புதுசு வேணுமா?" என்று அவர் குனிந்து கேட்டார். அக்காவின் கட்டைவிரல் துடித்தது. வெளிச்சம் வரிசையில் ஓடியது. தண்ணி. தலையணை. ஃபேன். சரி. நன்றி. நல்லா இருக்கேன். வேண்டாம். இதில் 'சரி' இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 'சரி' மேல் வரும்போது வெளிச்சம் நிற்காமல் தாண்டிப் போகும், அந்த இடத்தில் அது கொஞ்சம் வேகம். பழைய மிஷின் அப்படித்தான். இல்லை, நான்தான் அப்படி வைத்தேன், இதை எழுதிவிடுகிறேன். அக்கா அதைப் பிடிக்கப் பார்த்தாள். முதல் சுற்றில் தவறியது, அடுத்த சுற்றிலும் தவறியது. அதற்கடுத்த சுற்றில் 'நன்றி' விழுந்தது.

"நன்றின்னு சொல்றாங்க. அப்ப வேணும்னு வச்சுக்கலாமா?"

"உங்க நல்ல மனசுக்கு நன்றி சொல்றாம்மா. புதுசு பிடிக்காது அவளுக்கு. அது மகளோட குரல் இல்லையா, அதை விட்டுட்டு இருக்க மாட்டா."

அந்த அம்மா அக்காவின் கண்ணைப் பார்த்தார். அக்கா கண்ணை மேலே உயர்த்தி உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தாள். "கண் ஏதோ சொல்ற மாதிரி இருக்கே" என்றார். அது நரம்புக் கோளாறு, தன்னால் ஆடும், நம்பாதீர்கள் என்றேன். டாக்டர் எப்போதோ அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம். அந்த அம்மா டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா கன்னத்தைத் தடவிவிட்டுக் கிளம்பினார். தடவியது வலித்த பக்கக் கன்னம் இல்லை.

பாப்பா போன் செய்யும்போது நான் போனை மிஷினோடு ஒட்டிப் பிடிப்பேன். அக்கா சில நாள் எதையும் அழுத்த மாட்டாள். அந்தப் பக்கம் பெண் காத்துக்கொண்டிருக்கும், பாவம். அப்போது 'நல்லா இருக்கேன்' என்பதை நானே அழுத்திவிடுவேன். தன்னுடைய பழைய குரலைக் கேட்டுப் பாப்பா சிரிப்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்தப் பிள்ளை மனம் கல்லாக இருக்கவில்லை, அதனால்தான் அதற்கு நிம்மதி கொடுத்தேன்.

கன்னம் வீங்கியதை எப்போது பார்த்தீர்கள் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். துடைக்கும்போது பார்த்தேன். படுத்தே இருப்பவர்களுக்கு முகம் உப்பும் என்று வைத்துக்கொண்டேன். பிறகு கழுத்துக்கும் இறங்கியது. அப்போது அக்கா 'வேண்டாம்' மட்டுமே அழுத்தினாள். ஊட்டப் போனாலும் வேண்டாம், துடைக்கப் போனாலும் வேண்டாம், நான் அறைக்குள் வந்து நின்றாலே வேண்டாம். அதைக் கேட்டு எந்த மனுஷனால் தாங்க முடியும்? அதையும் எடுத்துவிட்டேன். ஆறு கட்டம் மிஞ்சியது. மிஷின் அத்தனை வருஷத்தில் அவ்வளவு லேசாக ஓடி நான் பார்த்ததில்லை.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். டூட்டி டாக்டர் வயசில் சின்னவர். வெளியே வந்து தலையைக் குனிந்தபடி, "பல்லு சார். சொத்தைப் பல்லு, சீழ் உள்ளே இறங்கியிருக்கு. இதை யாரும் கவனிக்கலையா, அவங்க சொல்லவே இல்லையா" என்று கேட்டார்.

சொல்லவில்லை என்றேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாப்பா நெட்புக்கைத் தேடி எடுத்தாள். அம்மா பேசினதைக் கேட்கணும் மாமா, என் குரலா இருந்தாலும் பரவாயில்ல என்றாள். ஆன் ஆகட்டும் என்று நானே கம்பியைச் செருகினேன். அது வழக்கம்போல மெள்ளக் கண் திறந்து, பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயசான அந்த வருஷத்தில் போய் நின்றது. வரிசை வந்தது. பாப்பா ஒவ்வொன்றாக அழுத்தினாள். தண்ணி. தலையணை. ஃபேன். சரி. நன்றி. நல்லா இருக்கேன். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தாள். அடுத்த பக்கம் இல்லை.

"மாமா, மத்ததெல்லாம் எங்க?"

மிஷின் தாங்கலைம்மா என்றேன்.

அவள் அந்த ஆறு கட்டத்தையும் விரல் வைத்து எண்ணினாள். "அம்மாவுக்கு வலிச்சா எதை அழுத்துவாங்க, மாமா?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. கணக்கு டீச்சர் மகள் அல்லவா, எது குறைகிறது என்று உடனே பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டபடி நேராக எழுதுகிறேன். அக்காவுக்கு வலிக்கிறது என்று தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன். போக வேண்டும் என்று நினைக்கிறாள் என்று தெரிந்துதான் மற்றவற்றையும் எடுத்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. இந்த ஒரு வேலையையாவது நான் அரைகுறையாகச் செய்யவில்லை.

ஆனால் ஒன்று. நான் எதையும் அழித்ததாகத் தயவுசெய்து எழுத வேண்டாம். தொழில் தெரிந்தவன் எதையும் அழிக்க மாட்டான், வேறு இடத்தில் எடுத்து வைப்பான். நேற்று என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த பென்டிரைவில் எல்லாச் சொற்களும் இருக்கின்றன, பாப்பாவின் சிரிப்போடு சேர்த்து. ஒன்றுகூடக் கெடவில்லை, போட்டுக் கேட்டுப் பாருங்கள். திருப்பிப் போடுவது பத்து நிமிஷ வேலை. அத்தனை நாளும் அது என் பையில்தான் இருந்தது, அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் நான் உட்கார்ந்திருந்தேன். திருப்பிப் போடுடா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அவள் கேட்கவே இல்லை, மேடம்.